போனைப் பிடுங்குவதற்கு முன்பே வக்கீலைத் தேடுங்கள்

(ஒட்டன்சத்திரத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுமலைக்குப் போகாதவர்கள் இங்கே அதிகம் இருக்க மாட்டீர்கள். பைக்கில் போய், வளைவில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள். 2021இல் மதிவாணன் என்கிற 62 வயதுத் தோழர், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மா-லெ) பொறுப்பாளர், மகள் மருமகனோடு அங்கே போனார். போட்டோக்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று கேலியாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. என்ன பிரிவில் தெரியுமா? இந்திய தண்டனைச் சட்டம் 122. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் திரட்டுவது! கைது செய்து வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அவர் ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். டிசம்பரில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தார். (அந்த நீதிபதியின் வேறு பல தீர்ப்புகள் மேல் எனக்குக் கடும் விமர்சனம் உண்டு. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.)

சிரிப்பதையும் ஓர் அடிப்படைக் கடமையாகச் சேர்க்கலாமே என்கிற தொனியில் அந்தத் தீர்ப்பு தொடங்கும். அதைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் வாடிப்பட்டியில் நடந்த அந்தச் சில நிமிடங்கள். அங்கே ரிமாண்ட் ஆகியிருந்தால், ரத்து உத்தரவு வரும்வரை அவர் எங்கே இருந்திருப்பார்? எல்லா மாஜிஸ்திரேட்டும் தானாகவே பிரிவைப் படித்துப் பார்த்து மறுப்பார் என்று நம்பி நாம் இருக்க முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு வக்கீல் நின்று, "ஐயா, இந்தப் பிரிவே பொருந்தாது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆள் நமக்குக் கிடைப்பதில்லை.

நம் மாவட்டத்தில் நடந்த ஒரு விஷயம். ஊர்ப் பெயர் வேண்டாம். சாதிப் பெருமை பேசும் ஒரு ரீல்ஸுக்குக் கீழே ஒரு தம்பி பதில் எழுதினான். அதற்கு முன் அந்த இடத்தில் நம் மக்களைப் பற்றி எழுதியிருந்தவை எதுவும் வழக்காகவில்லை. இவன் எழுதிய இரண்டு வரி வழக்கானது. சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், போனை வாங்கி வைத்தார்கள். அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் மண்டிக்காரர். மண்டிக்காரர் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் அனுப்பினார். அந்த வக்கீலுக்குப் புகார் கொடுத்தவர்களின் குடும்பமும் கட்சிக்காரர்கள்தான். அவர் சட்டம் எதுவும் பேசவில்லை. "பையனை மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடச் சொல்லுங்க, முடிச்சிரலாம்" என்றார். வீடியோ போட்டான். வழக்கு முடியவில்லை. வீடியோ மட்டும் பின்னணி இசையோடு ஊர் ஊராகச் சுற்றியது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. நீங்களே எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய வீடியோ அப்படி இல்லை.

அதனால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது ஃபீஸ் அல்ல. "புகார் கொடுத்தவர் உங்கள் கட்சிக்காரரா சார்?" என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, "சைபர் கேஸ், சென்னையிலிருந்து சைபர் வக்கீல் வர வேண்டும்" என்று நினைத்து இரண்டு நாளைத் தொலைக்கிறோம். கார்ட்டூனிஸ்ட் பாலாவை நினைத்துப் பாருங்கள். நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீயில் எரிந்ததைப் பற்றி வரைந்ததற்காக 2017 நவம்பர் 5 அன்று சென்னையில் கைது. ஆனால் கொண்டுபோனது திருநெல்வேலிக்கு. மறுநாள் அந்த ஊர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. வழக்கு எந்த ஸ்டேஷனோ அந்த ஊர் நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற, கிரிமினல் பக்கம் பழகிய வக்கீல்தான் முதல் நாளுக்குத் தேவை. போனிலிருந்து எடுத்தது சரியாக எடுக்கப்பட்டதா, ஹேஷ் எண் இருக்கிறதா, சாட்சியச் சட்டப்படி சான்றிதழ் இருக்கிறதா என்பதெல்லாம் விசாரணையில் வரும். அப்போது நிபுணரைத் தேடலாம்.

முதல் நாள் வக்கீல் பார்க்க வேண்டியது பிரிவுகளைத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, அதாவது ஆபாசம், முதல் முறை என்றால் மூன்றாண்டு வரை தண்டனை, ஜாமீனில் விடக்கூடியது. உள்ளே வைக்க வேண்டுமென்றால் கூடவே பாரதிய நியாய சன்ஹிதா 196, 353 என்று சேர்ப்பார்கள். அவை ஜாமீனில் விட முடியாதவை. ஆனால் அவற்றிலும் சாதாரணமாகத் தண்டனை மூன்றாண்டு வரைதான். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த ஒரு வாதத்தை ரிமாண்ட் நேரத்தில் எழுந்து சொல்ல நிபுணத்துவம் தேவையில்லை. எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். 66ஏ போட்டிருந்தால் இன்னும் சுலபம். அந்தப் பிரிவு 2015 மார்ச் 24 அன்றே செத்துவிட்டது. செத்த பிறகும் பல ஆண்டுகள் அதில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

தில்லியில் ஒரு செய்தித் தளத்தின் ஆசிரியருக்கே என்ன நடந்தது? பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் யுஏபிஏவில் கைது செய்து, மறுநாள் அதிகாலையிலேயே நீதிபதி முன் நிறுத்தினார்கள். அவருடைய வக்கீலுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவில்லை என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கைதையே செல்லாது என்றது. அவருக்கே ஏழு மாதம் ஆனது.

"காசு இல்லை" என்று சொல்லும் தோழர்களுக்கு: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு நிற்பார் என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் ரிமாண்ட் அன்று யாருமே இல்லாமல் நிற்பதைவிட, எழுதிக் கேட்டு ஒருவரை நிறுத்துவது மேல். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வக்கீலும் வர மாட்டேன் என்றால்? கோவையில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் மோதல் வந்து, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானம் எதுவுமே செல்லாது என்று 2010 டிசம்பரில் ஏ.எஸ்.முகமது ரபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸுக்காகக் கிடைத்த தீர்ப்பு. நாம் எடுத்துப் பயன்படுத்துவோம்.

இங்கே ஒரு தோழர் கூட்டம் தொடங்கும் முன் கேட்டார், "பெரியார் எதிர்வழக்காடவில்லையே, நாம் ஏன் வக்கீலைத் தேட வேண்டும்?" என்று. 1933 குடிஅரசு தலையங்கத்துக்காக அரசு வழக்குப் போட்டபோது பெரியார் எதிர்வழக்காடாமல் அறிக்கை கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார். அது ஒரு தலைவர் யோசித்து எடுத்த முடிவு. உங்கள் தம்பி போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், தங்கை பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிறாள். அவர்களுக்காக நாம் அந்த முடிவை எடுக்க முடியாது. 1926இல் தினகர்ராவ் ஜவல்கரும் கேசவ்ராவ் ஜேதேவும் 'தேசாசே துஷ்மன்' என்கிற புத்தகத்துக்காக அவதூறு வழக்கில் மாட்டியபோது, அவர்களுக்காக புனேயில் வாதாடி மீட்டவர் அம்பேத்கர். அப்போது அவர் தொழில் தொடங்கி மூன்றாண்டுதான் ஆகியிருந்தது.

குண்டர் சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014இல் அதில் 'சைபர் சட்டக் குற்றவாளி' என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். 67 பிரிவும் அதற்குள் வரும். ஓராண்டு வரை தடுப்புக் காவல். அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துப் பேசும் உரிமை கிடையாது. அரசமைப்புச் சட்டம் 22ஆம் பிரிவு ஒரு கையால் கொடுக்கும் வக்கீல் உரிமையை, தடுப்புக் காவல் என்று வந்தால் மறு கையால் எடுத்துக்கொள்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுத்தான் உடைக்க வேண்டும். அதற்கு மதுரையில் ஆள் வேண்டும். உள்ளூர் வக்கீலிடம் முதல் நாளே "மதுரையில் யாரோடு வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டு வையுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். பதிவை அவசரமாக அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழித்தான் என்று தனியாக ஒரு பிரிவு ஏறும். போனை வாங்கினால் எழுத்தில் ரசீது கேளுங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் இருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் இரண்டு பேர் கேட்பார்கள். வீட்டு வரி ரசீது நம் தெருவில் யார் யார் பெயரில் இருக்கிறது என்று இன்று ராத்திரியே விசாரியுங்கள். உத்தரவு கிடைத்த பிறகும் இதற்காகவே உள்ளே கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னால் மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் ராத்திரியிலும் வருகிறேன் என்று சம்மதித்த வக்கீல்களின் எண்கள் அதில் இருக்கின்றன. போனில் மட்டும் பதிந்து வைக்காதீர்கள், முதலில் போவது அதுதான். பேப்பரில் எழுதி எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் மண்டிக்காரரைக் கூப்பிடும் முன் இந்த எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள்.