செட் என்னும் சிறு சொல்

ஆங்கிலம் பயிலாதவரும் நாள்தோறும் நாவில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'செட்' என்பது. உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் சற்றே செவிசாய்த்துக் கேளுங்கள். தென்னந்தோப்பில் ஓடுவது பம்புசெட். கோயில் நோன்பிக்குக் கட்டுவது மைக்செட். திருமண ஊர்வலத்தின் முன்னே செல்வது பேண்டுசெட். சிற்றுண்டிச் சாலையில் கிடைப்பது செட் தோசை. கல்லூரியில் உடன் பயின்றவர்கள் 'எங்கள் செட்'. இவை யாவற்றுக்கும் சொல் ஒன்றே. பொருளும் ஒன்றுதானா?

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வெளிவந்தது. அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் இதுவே. வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் கூறப்பட்டன. பின்னர் நிகழ்ந்த திருத்தப் பணியில் 'ரன்' என்னும் சொல் இதனை முந்திவிட்டது. ஆயினும் மூன்றே எழுத்துச் சொல் இத்துணைப் பொருளைச் சுமப்பது வியப்பிற்குரியதன்றோ?

இவ்வளவு பொருளையும் மனப்பாடம் செய்தல் எவர்க்கும் இயலாது, தேவையும் இல்லை. வேரை அறிந்துகொண்டால் கிளைகள் தாமே விளங்கும். பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்பது அமர்தலைக் குறித்தது. 'செட்டன்' என்பது அமர்த்துதலைக் குறித்தது. தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் நீங்கள் படித்த வேறுபாடே இது. நாம் 'அமர்', 'அமர்த்து' என்கிறோம். 'இரு', 'இருத்து' என்கிறோம். அவர்கள் 'சிட்', 'செட்' என்கின்றனர். ஒரு பொருளை அதற்குரிய நிலையில் இருத்துவதே செட் என்னும் வினையின் அடிப்படைக் கருத்து.

இக்கருத்தை மனத்திற்கொண்டு பாருங்கள். பொற்கொல்லர் மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறார். வேடன் கண்ணி வைக்கிறான். ஆசிரியர் வினாத்தாள் வகுக்கிறார். வீட்டுப் பெண்கள் கோழியை அடை வைக்கின்றனர். அச்சகத்தார் எழுத்துக் கோக்கின்றனர். இவை அனைத்தும் ஆங்கிலத்தில் செட். பால் தயிராக உறைவதும், சிமெண்டுக் கலவை இறுகுவதும், தக்காளிச் செடியில் காய் பிடிப்பதும், மாலையில் ஞாயிறு மறைவதும் அவர்களுக்குச் செட்டே. உடுமலை வட்டத்துப் பூளவாடியில் 1899-இல் பிறந்தவர் உடுமலை நாராயண கவி. அவர் போன்ற கவிஞர் இயற்றிய பாட்டுக்கு இசையமைத்தலும் செட். அப்பாட்டைப் படமாக்க எழுப்பும் அரங்கமும் செட்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதித்தல், வைத்தல், வகுத்தல், கோத்தல், உறைதல், இறுகுதல், பிடித்தல், மறைதல், அமைத்தல் என ஒவ்வொரு செயலுக்கும் தமிழில் தனித்தனி வினை நின்றது. ஆங்கிலம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, பக்கத்துச் சொற்களால் பொருளைப் பிரித்தறிகிறது. ஆகவே 'செட் என்றால் வை' என்று ஒரே பொருளை நெட்டுருப் போட்ட மாணவர், 'தயிர் வைத்தது' என்று மொழிபெயர்த்துத் தடுமாறுவார். குறை அவர் அறிவில் இல்லை. சொல்லுக்குச் சொல் என்று கற்ற முறையில் இருக்கிறது. எதனோடு சேர்ந்து வந்தது என்று பார்த்த பின்னரே சொல்லின் பொருளைத் துணிதல் வேண்டும்.

இனி, தொகுதியைக் குறிக்கும் செட். இது பிறப்பால் வேறு சொல். இலத்தீனில் 'செக்டா' என்பது ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, முன்பே அங்கிருந்த வினைச்சொல்லோடு உருவில் ஒன்றாகிவிட்டது. இத்தகைய நிகழ்ச்சி தமிழுக்கும் புதிதன்று. கணிதத்தில் செட் என்பதை நாம் 'கணம்' என்கிறோம். கூட்டத்தைக் குறிக்கும் கணமும், நொடிப்பொழுதைக் குறிக்கும் கணமும் வடமொழியில் வேறு வேறு சொற்கள். தமிழ் ஒலிக்கு இயைந்தபோது ஓருருவாயின.

கணிதக் கணத்தில் ஓர் உறுப்பை இருமுறை எண்ணுவதில்லை. 'பாப்பா' என்னும் சொல்லின் எழுத்துகளைக் கணமாக எழுதினால் 'பா', 'ப்' என்ற இரண்டே உறுப்புகள். உறுப்புகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. பம்புசெட் அத்தகையதன்று. மோட்டாரும் பம்பும் குழாயும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று பழுதானாலும் வாய்க்காலில் நீர் வாராது. ஒரே சொல் கணித நூலில் ஒரு பொருளும், கிணற்றடியில் மற்றொரு பொருளும் தருவதைக் கண்டீர்களா?

அந்தக் கிணற்றடியில் முன்னாளில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தனர். கொங்கு நாட்டில் கவலை என்பது மனத்துயருக்கும் பெயர். நீர் இறைக்கும் ஏற்றத்துக்கும் பெயர். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் கோவையில் வளர்ந்தது. நாளடைவில் கவலை நின்றது, பம்புசெட் வந்தது. புதிய கருவி தன் பெயரையும் உடன் கொண்டு வந்தது. அதனால் தமிழுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஒரு சொல் கூடிற்று.

ஆனால் மற்றொரு வகையான வரவும் உண்டு. 'அந்த வேலை எனக்குச் செட் ஆகவில்லை', 'அவருக்கும் எனக்கும் செட் ஆகாது', 'இந்தச் சட்டை செட் ஆகிறது' என்று இன்று பேசுகிறோம். முதலாவது ஒத்துவரவில்லை என்பது. இரண்டாவது ஒத்துப்போகாது என்பது. மூன்றாவது பொருந்துகிறது என்பது. இங்கே புதிய பொருள் எதுவும் வரவில்லை. நுட்பமாக வேறுபட்ட தமிழ் வினைகள் வழக்கிழக்க, அவற்றின் இடத்தில் ஒற்றைச் சொல் அமர்ந்துகொள்கிறது. அடுத்த தலைமுறைக்கு அந்த வினைகள் அகராதியில் மட்டுமே கிடைக்குமானால், அது நம் இழப்பே.

மாணவ நண்பர்களே! பிறமொழிச் சொல்லை வெறுக்க வேண்டுவதில்லை. பம்புசெட்டைப் பம்புசெட் என்றே தயங்காது கூறுங்கள். ஆயின், பாடநூலில் செட் என்னும் சொல்லைக் காணுந்தோறும் அதன் அருகே நிற்கும் சொற்களை நோக்கி, இங்கே பொருந்தும் தமிழ் வினை யாது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அப்பயிற்சியால் ஆங்கிலமும் தெளியும். தமிழில் உங்கள் சொல்வளமும் பெருகும்.