கையொப்பத்திற்குச் சான்று யார்?



தமிழ் விழாவில் பத்திரமும் முத்திரையும் பேசுபொருளாவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். சேக்கிழார் பெருமானே நமக்குத் துணை நிற்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய வேதியர் நம்பியாரூரருக்கு எதிராக அடிமை ஓலையை நீட்டியபோது, அவையத்தார் அதனைப் படித்துக் கேட்ட மாத்திரத்தில் முடிவு கூறிவிடவில்லை. ஓலையில் சான்றாக எழுத்திட்டவர்கள் அவ்வெழுத்தை நோக்கி ஒப்பினர். பின்னர் நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒத்துப் பார்த்தனர். எழுதியவர் அவையில் இல்லாதபோது அவருக்காகப் பேச வல்லவை சான்றாளர் வாயும் அவருடைய பிற எழுத்துமே என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நம்மவர் அறிந்திருந்தனர். 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டமும், அதற்கு முன்பிருந்த 1872ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கின்றன. உயிலை மெய்ப்பிக்கச் சான்றாளருள் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து கூறவேண்டும். ஒருவரும் கிடைக்காவிடில், சான்றாளர் ஒருவரின் கையெழுத்தையும் எழுதிவைத்தவரின் கையொப்பத்தையும் மெய்ப்பித்துக் காட்டவேண்டும்.

இதனை இங்கே வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. பெங்களூரில் குடியேறி வாழும் நமக்கு வீடு அல்சூரிலோ சிவாஜி நகரிலோ இருக்கும். நஞ்சை நிலம் தஞ்சையிலோ ஆர்க்காட்டிலோ இருக்கும். மகன் கடல் கடந்திருப்பான். ஊரில் வாழ்ந்திருந்தால், ‘இது அவர் கையெழுத்தே’ என்று சொல்லப் பங்காளிகளும் அண்டை வீட்டாரும் இருப்பார்கள். இங்கே அவ்வாறு சொல்பவர் யார்? அந்தக் குறையை நோட்டரியின் சிவப்பு முத்திரை தீர்த்துவிடும் என்று நம்மவருள் பலர் கருதுகிறார்கள். அது தவறான கருத்தாகும்.

1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டத்தின்படி அமர்த்தப்பெற்றவர் நோட்டரி. பிரமாணப் பத்திரத்திற்கு உறுதிமொழி வாங்குவதும், ஆவணங்களைச் சரிபார்த்து உறுதிப்படுத்துவதும், படி மூலத்தோடு ஒத்தது என்று சான்றளிப்பதும் அவர் பணிகளுட் சில. அவை மதிக்கத்தக்க பணிகளே. ஆனால் உயிலுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நோட்டரியைக் கேட்கவில்லை, முத்திரைத்தாளையும் கேட்கவில்லை. இரண்டு சான்றாளர்களையே கேட்கிறது. எழுதியவர் கையொப்பமிடுவதை அவர்கள் காணவேண்டும், அல்லது ‘இது என் கையொப்பம்’ என்று அவரே கூறக் கேட்கவேண்டும்; அவர் முன்னிலையிலேயே தாமும் ஒப்பமிடவேண்டும். இருவரும் ஒரே வேளையில் கூடியிருக்க வேண்டுவதில்லை. முஸ்லிம் அன்பர்களுக்கு அவர்களுடைய சமயச் சட்டமே பொருந்தும். அங்கே வாய்மொழியாகவும் உயில் அமையலாம்.

தானப் பத்திரமும் இத்தகையதே. வீட்டை மகளுக்குத் தானமாக எழுதினால் இரு சான்றாளரும் பதிவும் இன்றியமையாதவை. கிரயப் பத்திரத்திற்குப் பதிவே உயிர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பதிவு பெறவேண்டும்; நோட்டரி முத்திரை பதிவாகிவிடாது. பவர் பத்திரத்தைக் கொண்டு மனை வாங்கிவிட்டதாக நிறைவு கொள்வோருக்கு, அதனால் உரிமை மாறாது என்று 2011ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. சுவை குறைந்த செய்திதான். ஆயினும் இதனை அறியாமல் சேமிப்பு முழுவதையும் இழப்பது அதனினும் கொடிது.

சான்றாளர் இருவர் ஒப்பமிட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. அதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றையே காட்டலாம். மைசூர் உயர்நீதிமன்றம் பெங்களூரில் இருந்து தீர்த்த, வெங்கடாசல ஐயங்கார் – திம்மஜம்மா வழக்கு அது. ஓர் அம்மையார் எழுதிவைத்ததாகக் கூறப்பட்ட உயிலை, அதனை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரே மன்றத்தில் வைத்தார். அவ்வுயிலால் பெரும்பயன் அடைபவர்கள் அவருடைய மக்கள்; அதனை எழுதுவித்ததிலும் அவர் முன்னின்றிருந்தார். கீழ் நீதிமன்றம் உயிலை ஏற்றது, உயர்நீதிமன்றம் தள்ளியது, 1958இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியதே சரி என்றது. ஐயத்திற்கிடமான சூழ்நிலை இருந்தால், உயிலைக் கொண்டு வருபவரே அவ்வையத்தை நீக்கி நீதிமன்றத்தின் மனச்சான்றை நிறைவு செய்யவேண்டும் என்று நீதியரசர் கஜேந்திரகட்கர் எழுதிய அத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது.

ஆதலால், பயன் பெறுபவனை எழுதும் இடத்திலிருந்தே விலக்கி வையுங்கள். கிறித்தவ அன்பர்கள் இதில் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். சான்றிட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் வைத்த கொடை அவர்களுக்குச் செல்லாது என்பது வாரிசுரிமைச் சட்டம். இந்துக்களுக்கு அவ்விதி இல்லை. எனினும் ஐயம் எழ இடமுண்டு.

சான்றாளரை மரியாதை கருதித் தேர்ந்தெடுப்பது நம் வழக்கம். எண்பது வயதுப் பெரியவரை அழைத்து ஒப்பம் வாங்கிப் பெருமை கொள்கிறோம். எழுதியவருக்கு முன்னரே அவர் மறைந்தால் யாரை அழைப்பது? வயதில் இளையவராய், நம்மை நன்கு அறிந்தவராய், நாளை தேடினால் அகப்படுபவராய் ஒருவர் வேண்டும். நம் சங்கத்திலேயே அத்தகையோர் பலர் உளர். அவர்தம் முழு முகவரியையும் உயிலிலேயே எழுதிவிடுதல் நன்று.

ஊரிலுள்ள தம்பிக்குப் பவர் பத்திரம் அனுப்புவோர்க்கும் ஒரு சொல். நம் ஒப்பமிட்ட ஆவணத்தை அவர் நம் சார்பில் பதிவுக்குக் கொண்டு செல்வதாயின், அந்தப் பவர் நாம் குடியிருக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதி உறுதி செய்யப்பட்டிருக்கவேண்டும்; இங்குள்ள நோட்டரி போதார். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பவருக்கோ அந்நாட்டு நோட்டரியோ இந்தியத் தூதரக அலுவலரோ போதும்.

தமிழில் உயில் எழுதலாமா என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதிவு செய்ய விரும்பி, இங்குள்ள சார்பதிவாளர் தமிழ் அறியாதவராக இருந்து, அவ்வட்டாரத்தில் அது பொதுவாக வழங்காத மொழி என்று கருதினால், உண்மையான மொழிபெயர்ப்பு ஒன்றையும் படி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும்.