மத்தியானம் மட்டும் நெட் போகுதா? ரேக்கைத் திறந்து பாருங்க

(இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே, ஜூன் வந்தா நம்ம மையங்கள்ல கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. காலேஜ் சேர்க்கைக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. வெயிலும் அப்பத்தான் உச்சத்துல இருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு "நெட் இல்லை, நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா, ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்த அம்மா இன்னொரு நாள் கூலியையும் விடணும்.

உடனே எல்லாரும் சர்வரைத் திட்டுறோம். உங்க போன்ல மொபைல் டேட்டாவைப் போட்டு அதே இணையதளத்தைத் திறந்து பாருங்க. அங்க திறந்தா, கோளாறு பெரும்பாலும் மையத்தோட இணைப்பிலதான். அதுவும் மத்தியானம் போய், சாயங்காலம் தானா திரும்பி வந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது ரேக்கை. ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் மாட்டியிருக்கிற அந்த இரும்புப் பெட்டிதான் ரேக்.

இதுக்குள்ள போற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் சூடாத்தான் மாறுது. எல்லாம் சேர்ந்து 100 வாட் எடுத்தா, பழைய 100 வாட் குண்டு பல்பை மூடின பெட்டிக்குள்ள நாள் பூரா எரியவிட்ட மாதிரி. அந்தச் சூடு வெளியே போக வழி வேணும். கீழே இருந்து குளிர்ந்த காத்து வரணும், மேலே இருக்கிற ஃபேன் சூட்டை வெளியே தள்ளணும். ஃபேனைத் தலைகீழா மாட்டியிருந்தா சூடு உள்ளேயே சுத்தும். கிரில் மேல ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிங்க: காத்து அதை மேலே தள்ளினா சரி, உள்ளே இழுத்தா மாட்டினது தப்பு.

சின்ன சுவர் ரேக்குல ரெண்டு கருவிக்கு நடுவுல ஒரு 'யு', அதாவது 1.75 அங்குலம், இடைவெளி விடுங்க. பெரிய டேட்டா சென்டர்ல இதுக்கு நேர் எதிர். முன்பக்கக் காலி இடத்தைத் தகடு போட்டு மூடுவாங்க. அங்க முன்னால குளிர் காத்து, பின்னால சூடான காத்துன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, ரெண்டும் கலக்கக் கூடாது. ஏசி இருக்கிற மையம்னா, ரேக்கை ஏசிக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீங்க. தண்ணி சொட்டினா கருவி தாங்காது.

ரேக் மேல விண்ணப்பக் கட்டு, சாப்பாட்டுப் பை வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. ஆயுத பூஜைக்குத் தாராளமாப் பொட்டு வைங்க. கதவுல வைங்க, கிரில்லை விட்டுடுங்க. ஈரத்துணியும் வேண்டாம்.

யுபிஎஸ்ஸைச் சுவர் ரேக்குல ஏத்தாதீங்க. பேட்டரி கனம், அதோட அதுவும் சூடு. தரையில, காத்து வர்ற இடத்துல, ஈரம் படாம ஒரு பலகை மேல வைங்க. 25 டிகிரியில வச்சா வர்ற ஆயுள்ல, 35 டிகிரியில ஏறக்குறைய பாதிதான் ஈய அமில பேட்டரிக்கு வரும். செலவு உங்களுக்குத்தான்.

சுவர்ல மாட்டும்போது பூச்சுல மட்டும் பிடிக்கிற திருகு போதாது. செங்கல்லுக்குள்ள போற ஆங்கர் போல்ட் போடுங்க, தூக்க ரெண்டு பேர் இருக்கட்டும். தரையில நிக்கிற ரேக்னா கனமானது எப்பவும் அடியில. மேலே கனம் ஏறினா இழுக்கும்போது கவிழும்.

இதுல நான் விட்டுக்கொடுக்காத விஷயம் எர்த். மூணாவது பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்டுல சொருகுறது உயிருக்கே ஆபத்து. உள்ளே மின்கசிவு வந்தா பெட்டி முழுக்க ஷாக் அடிக்கும். ரேக்கோட இரும்பு உடம்பையும் எர்த் கம்பியோட இணைக்கணும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டணும். காட்டலைன்னா எர்த்தைச் சரி பண்ற வரைக்கும் ரேக்குக்கு மின்சாரம் கொடுக்காதீங்க.

ஃபைபர் கேபிளைக் கூர்மையா மடிக்காதீங்க, கழட்டின முனையைக் கண்ணுக்கு நேரே வச்சுப் பார்க்காதீங்க. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா பார்வையைக் கெடுக்கலாம்.

மாசம் ஒரு தடவை, மையம் மூடின பிறகு, மெயின் சுவிட்சையும் யுபிஎஸ்ஸையும் அணைச்சுட்டு, காய்ஞ்ச பிரஷ்ஷால கிரில், ஃபேன் தூசியைத் தட்டுங்க. கால் மணி நேர வேலைதான்.