வீட்டுக்கு வரும் இணையக் கம்பி



வீட்டுக்குப் பால் ஊற்ற ஒருவரை அமர்த்தும்போது நம் தாய்மார்கள் என்ன கேட்கிறார்கள்? அவரிடம் எத்தனை மாடுகள் இருக்கின்றன என்று கேட்பதில்லை. மழை பெய்யும் நாளிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்துவிடுவாரா என்று அடுத்த வீட்டில் விசாரிக்கிறார்கள். நாள்தோறும் தவறாமல் வந்து சேர வேண்டிய பொருளை வாங்குவதில் அவர்களுக்குள்ள இந்தத் தேர்ச்சி, இணையத் தொடர்பு வாங்கும் நாளில் மட்டும் வீட்டில் ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு நிறுவனம் 100 மெகாபிட் என்கிறது. மற்றொன்று 300 மெகாபிட் என்கிறது. எந்த எண் பெரியதோ அதற்குப் பணம் கட்டிவிடுகிறோம். மாடுகளை எண்ணிப் பால்காரரை அமர்த்துவது போன்றதுதான் இது.

இதை மாணவர்களாகிய உங்களிடம் பேசக் காரணம் உண்டு. மின்விசிறி வாங்க வேண்டுமென்றால் தந்தையாரே கடைக்குப் போய்விடுவார். இணையம் என்றதும், 'நீதானே படிக்கிறாய். எது நல்லது என்று நீயே பார்த்துச் சொல்' என்று பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிவிடுவார். மாதந்தோறும் வீட்டுப் பணம் செலவாகும் ஒரு காரியத்தில் உங்கள் சொல் ஏறுவது பெரும்பாலும் இதுவே முதல் முறையாக இருக்கும்.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நகரங்களில் தொலைபேசிக் கம்பி வழியே அது வந்தது. அப்போது தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் காத்திருக்க வேண்டியவர். 1998-இல் தனியாருக்கும் வழி திறந்தது. இன்று நகரத்துத் தெரு ஒன்றில் நான்கைந்து நிறுவனங்களின் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பலர் இருப்பதால் மட்டும் நமக்கு நல்லது கிடைத்துவிடாது; அவர்களுள் நல்லவரைக் கண்டுபிடிக்கும் வேலை நம்மிடம் வந்திருக்கிறது.

இதில் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே நடைபெறுகிறது. விருப்பமான கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய மாணவருக்குக் கிடைப்பவை சில நாட்களே. எங்கள் தெருவில் ஒரு பெண், கடைசி நாள் மாலையில் தன் பட்டியலைச் சீர்செய்துகொண்டிருந்தாள். தெருமுனையில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியவர்களின் கடப்பாரை பட்டுக் கம்பி அறுந்தது. நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தால், 24 மணி நேரத்தில் சரிசெய்யப்படும் என்று இனிய குரல் ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லிற்று. அவளுக்கு இருந்ததோ ஆறு மணி நேரம். தாயும் மகளும் இரண்டு தெரு தள்ளியிருந்த பெரியம்மா வீட்டுக்கு ஓடினார்கள். அறுந்து கிடந்தது 100 மெகாபிட் தொடர்பு. பெரியம்மா வீட்டில் இருந்தது 30 மெகாபிட். அதில் வேலை முடிந்தது.

ஆகவே இந்த எண்ணின் பொருளை முதலில் தெரிந்துகொள்வோம். மெகாபிட் என்பது பத்து இலட்சம் பிட்டுகள். ஒரு நொடியில் எத்தனை மெகாபிட் வரக்கூடும் என்பதே கம்பியின் வேகம். கோப்புகளின் அளவையோ பைட்டில் சொல்கிறோம். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட்டு. ஆதலால் 100 மெகாபிட் தொடர்பில் நொடிக்கு 100 மெகாபைட்டு இறங்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். மிகுதியாக வரக்கூடியது 12.5 மெகாபைட்டுதான். இதில் வஞ்சனை இல்லை. அளவுகோல் வேறு, அவ்வளவே. வஞ்சனைக்கு இடம் தருவது விளம்பரத்தில் எண்ணுக்குப் பின்னால் பொடி எழுத்தில் நிற்கும் 'வரை' என்ற சொல். 100 மெகாபிட் வரை என்றால் பத்தும் அதற்குள் அடங்கும் அன்றோ! முகம் பார்த்துப் பேசும் வகுப்பு ஒன்றுக்கு 3 அல்லது 4 மெகாபிட் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, 40 அல்லது 50 மெகாபிட் தடையின்றி வந்துகொண்டிருந்தால் குறையொன்றும் இராது. தடையின்றி என்பதுதான் இங்கே முக்கியம்.

மாலையில் வேகம் ஏன் தளர்கிறது? நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனி இழை வருவதில்லை. தெருமுனை வரை ஓர் இழை வரும். அங்கே ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி அதிலுள்ள ஒளியை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிட்டுக் கொடுக்கும். பரவலாக வழங்கும் முறையில், அந்த இழை நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட் கொண்டுவரும். 64 வீட்டாரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுத்தால் பங்குக்கு 39 மெகாபிட் கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பது அரிது. ஆதலால் தெருமுனையில் பெரிய தொல்லை இல்லை. தொல்லை அதற்கு மேலே இருக்கிறது. ஊர்க் குழாயில் தண்ணீர் சொட்டினால் குழாயைக் குறைசொல்லிப் பயனில்லை. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். அதுபோல, இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு விற்றவர் தாம் வெளியிலிருந்து எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறார் என்பதே கேள்வி. அந்தக் கணக்கை அவர் நம்மிடம் சொல்லமாட்டார். காலை பத்து மணிக்கு வந்து, வேகத்தை அளந்து காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் விற்பனையாளரும் சொல்லமாட்டார். அதே நிறுவனத்தின் தொடர்பு உள்ள அண்டை வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் சென்று அளந்து பாருங்கள். கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அளக்கும்போது இறங்கும் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். உங்கள் குரலும் முகமும் ஆசிரியரிடம் போய்ச் சேர்வது ஏறும் வேகத்தால். பழைய தொலைபேசிக் கம்பிகளில் இது மிகக் குறைவு. கண்ணாடி இழையில் இரண்டையும் சமமாகத் தருபவர் பலர் உண்டு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தாமதம். கேட்ட கேள்விக்கு மறுமுனையிலிருந்து விடை வரப் பிடிக்கும் நேரம் அது; மில்லிநொடிக் கணக்கில் காட்டுவார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கம்பியின் நீளம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர முப்பது மில்லிநொடிக்குச் சிறிது கூடுதலாகும். கடல் கடந்து போய்வரவே அவ்வளவுதான் என்றால், உள்ளூரில் இருக்கும் நிலையத்திற்கு நூறு, இருநூறு மில்லிநொடி காட்டும் தொடர்பை என்னவென்று சொல்வது? அங்கே எங்கோ நெரிசல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போங்கள். கம்பி எந்த வழியே வருகிறது என்று கண்ணால் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் அது மின்கம்பத்திலிருந்து வேப்பமரத்துக்கும், வேப்பமரத்திலிருந்து எதிர்வீட்டு மாடிக்கும் தாவித் தாவி வரும். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று சற்று உயரமாக வந்தால் போதும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அவற்றில் தொங்கிய கம்பிகளும் உடன் சாய்ந்தன. பூமிக்கடியில் பதித்த கம்பிக்கு இந்த அச்சம் குறைவு. கடப்பாரைக்கு மட்டும் அது அஞ்ச வேண்டும்.

அறுந்தபின் என்ன நடக்கிறது? செப்புக் கம்பியாக இருந்தால் இரு முனைகளையும் முறுக்கி நாடா சுற்றிவிடலாம். இதுவோ கண்ணாடி. உறையை நீக்கினால் உள்ளே இருக்கும் இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதியோ அதனினும் பன்மடங்கு மெல்லியது. ஆயிரத்தில் ஒன்பது பங்கு மில்லிமீட்டர். இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, அச்சுப் பிசகாமல் எதிரெதிரே நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கென்று ஸ்பிளைசிங் இயந்திரம் உண்டு, விலை மிகுந்தது, பழகிய கை வேண்டும். இந்த இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் உங்கள் ஊரில் இருக்கின்றனவா, அல்லது மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டுமா? நம்பகம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த விடையில் அடங்கியிருக்கிறது. விளம்பரத்தில் இதற்கு இடமில்லை.

அந்த ஆள் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரசீதில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறுபவர், பெரும்பாலும், 1990-களில் வீடு வீடாகத் தொலைக்காட்சிக் கேபிள் இழுத்த உள்ளூர்க்காரரோ அவருடைய மகனோதான். பெருநிறுவனங்கள் பலவும் இவர்களைத் தங்கள் முகவர்களாக வைத்தே தொழில் நடத்துகின்றன. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கம்பம் எந்த மழையில் சாயும் என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். ஒரே நிறுவனத்தின் தொடர்பு ஒரு தெருவில் தேனாகவும் அடுத்த தெருவில் வேம்பாகவும் இருப்பதன் இரகசியம் இதுதான். ஆகவே, 'எந்த நிறுவனம் நல்லது?' என்று திருநெல்வேலியில் இருப்பவர் கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவைக் கேட்பதில் பயனில்லை. தம் தெருவில் நான்கு வீடுகளில் ஏறி இறங்கி, கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார், ஞாயிற்றுக்கிழமையில் தொலைபேசியை எடுத்தாரா என்று கேட்பதே வழி.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய தொலைபேசி, வீடு இருளில் கிடந்தாலும் மணியடிக்கும். செப்புக் கம்பியின் வழியே நிலையமே அதற்கு மின்சாரம் அனுப்பிற்று. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. நாம் மோடம் என்று வழங்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரமே உயிர். அதற்கென்றே சிறிய மின்கலப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். நிலையத்தில் முகவர் மின்கலம் வைத்திருக்கிறாரா என்று அவரையும் கேட்டுவிடுங்கள். அங்கே அணைந்தால் இங்கே எரிந்து பயனில்லை.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 499 ரூபாய் என்று சுவரொட்டியில் கண்டால், 18 விழுக்காடு வரி சேர்த்து 589 ரூபாய் என்று படித்துக்கொள்ளுங்கள். மாதத்திற்கு இவ்வளவு அளவுக்குமேல் பயன்படுத்தினால் வேகம் குறைக்கப்படும் என்ற விதி இருக்கிறதா, குறைத்தபின் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். ஓராண்டுப் பணத்தை முன்னதாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். ஒரு மழைக்காலத்தைக் காணாத கம்பிக்கு ஓராண்டுப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாதந்தோறும் கட்டிவந்து, கார்த்திகை கழிந்தபின் அந்தச் சலுகையைப் பற்றி யோசிக்கலாம்.

பழுது ஏற்பட்டால் முதலில், பழுது எங்கே என்று பாருங்கள். மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைத்துவைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவோர் பலர். கணினியை மோடத்தோடு நேரே கம்பியால் இணைத்து அளந்தால் குற்றம் வீட்டிலா, வெளியிலா என்று தெரிந்துவிடும். வெளியில் என்றால், முகவரிடம் வாயால் சொன்னதோடு நின்றுவிடாமல் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெறுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் மையத்துக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். அவரிடம் செல்ல அந்த எண் வேண்டும். ஆணையம் தனிப்பட்டவர்களின் வழக்கை நேரே விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அது விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எவ்வளவு ஆராய்ந்து வாங்கிய கம்பியும் ஒருநாள் அறும். இரண்டாவது கம்பி ஒன்று வாங்கிவைக்கலாமே என்பீர்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் வருமானால் அந்தக் கம்பம் சாயும்போது இரண்டும் போகும். அதைவிட, கைப்பேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையை வைத்துக்கொண்டு, அதன் அலையைக் கணினிக்குப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பழகிவைப்பது செலவு குறைந்த வழி. தேர்வோ கலந்தாய்வோ இருக்கும் நாளுக்கு முதல்நாள், நீங்கள் உட்காரப்போகும் அதே அறையில் அமர்ந்து அதை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். சில வீடுகளில் அலை கிடைப்பது மொட்டை மாடியில் மட்டும்தான்.