துதிக்கை நுனியில் ஒரு சேதி

இடுக்கி சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கிய அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். 2023-இல் பிடித்து இடம் மாற்றினார்களே, அதே யானைதான். அரிசியை மோந்தது மூக்கு. யானைக்கு இன்னொரு மோப்ப உறுப்பும் உண்டு. அதற்கு வழி வாய்க்குள்ளே!

வாளையார் காட்டில் பெண் யானை சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறது என்று வையுங்கள். பின்னால் வரும் கொம்பன் துதிக்கை நுனியை அதில் தொட்டு, மடக்கி, மேலண்ணத்தில் ஒற்றும். அங்கே இரண்டு துளைகள், ஜேக்கப்சன் உறுப்பு என்ற அந்த இன்னொரு மோப்ப உறுப்புக்குப் போகும் பாதை. அந்த உறுப்பிலுள்ள நரம்புச் செல்களின் நுனியில் ஏற்பிப் புரதங்கள் காத்திருக்கின்றன. பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டினால் போதும், மின்துடிப்பு மூளைக்கு ஓடும்: 'இவள் இணைசேரத் தயார்.'

அந்த மூலக்கூறை 1996-இல் அமெரிக்க விஞ்ஞானி ராஸ்முசென் குழுவினர் அடையாளம் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பல வகைப் பெண் அந்துப்பூச்சிகளும் ஆணை அழைக்க அதையேதான் வீசுகின்றன! பயப்பட வேண்டாம், பூச்சி வீசும் துளியூண்டு அளவை நம்பி எந்தக் கொம்பனும் புறப்படாது.

ஆண் யானைக்கு மதம் பிடிக்கும்போது வழியும் மதநீரிலும் அப்படி ஒரு பொருள், ஃப்ரான்டாலின். மரப்பட்டை வண்டுகளிடமும் இருப்பதுதான். பெரிய கொம்பனின் மதநீர் வாடை பட்டால் இளவட்ட யானைகள் ஒதுங்கிப் போய்விடும்.