ஊரைக் காணும் முறை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இத்தாலியின் ரோம், வெனிஸ் முதலிய நகரங்களுக்குச் செல்வோர், வழிகாட்டியுடன் நடப்பதா, தாமே நடப்பதா என ஆராய்கின்றனர். நாம் வாழும் மும்பைக்கும் அவ்வினா பொருந்தும்.

மாதுங்காவில் ரயிலேறிச் சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்குகிறோம். 1888-இல் முற்றுப்பெற்ற அக்கட்டடத்தின் வாயில் தூண்களில் ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் அமர்ந்துள்ளன. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிப்பன. இத்தகைய செய்திகளை எடுத்துரைக்க அறிந்தவர் ஒருவர் வேண்டும்.

ஆயினும் வழிகாட்டிக்கு நேரக் கணக்கு உண்டு. பிரேம்சந்த் ராய்சந்த் அளித்த நன்கொடையால் 1878-இல் எழுந்து, அவர்தம் அன்னையாரின் பெயரைத் தாங்கும் ராஜாபாய் மணிக்கூண்டை, ஓவல் மைதானத்தில் அமர்ந்து ஆற அமரக் காண்பதற்கும், குழந்தை கேட்கும் பத்து வினாக்களுக்கும் விடையிறுப்பதற்கும் நாமே செல்லுதல் நலம்.

ஆகவே, முதன்முறை அறிந்தவருடன் செல்வோம். மறுமுறை ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகளுடன் நாமே நடப்போம். நமக்குச் சொந்த ஊர் நெல்லையாகவோ தஞ்சையாகவோ இருக்கலாம். இங்கே பிறந்த நம் மக்களுக்கு இதுவே பிறந்த ஊர். அதனை அவர்களுக்குக் காட்டும் கடமை நம்முடையதன்றோ?