மீண்டும் முதலாண்டு

விழிஞ்ஞம் கடற்கரையில் இடவப்பாதி மழை தொடங்கும் நாட்களில் இரண்டு பருவங்கள் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஒன்று மீன் பருவம். தென்மேற்குக் காற்றின் சீற்றத்தால் பிற கரையினர் படகு இறக்கத் தயங்கும் காலத்தில், இத்துறையின் அமைதியை நாடி அயலூர்ப் படகுகளும் வந்து நிறைகின்றன. மற்றொன்று தேர்வு முடிவுகளின் பருவம். பன்னிரண்டாம் வகுப்பின் முடிவும், கல்லூரித் தேர்வின் முடிவும், அடுத்த படிப்புக்குரிய விண்ணப்பமும் அதே மழையினூடேதான் வீடுகளை எட்டுகின்றன. வெறும் வலையோடு கரை சேர்ந்தவர் மறுநாள் விடியுமுன் மீண்டும் கடலுக்குச் செல்வதை இங்கே எவரும் இழிவாகக் கருதுவதில்லை. கல்லூரியில் ஓராண்டைத் தோற்றவர் மீண்டும் முதலாண்டில் அமரப் போவதை மட்டும் ஏனோ ஊர் முழுவதும் பேசிக்கொள்கிறது.

நேயர்களே, நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன்; கலைப் பட்டதாரி. உடற்கூற்றியலோ மருந்தியலோ நான் கற்றவன் அல்லன். எனினும், ஆங்கிலத்தில் அச்சிட்ட விதிகளைச் சொற்பிசகாமல் படித்துப் பொருள் கூற வல்லவன் என்ற பெயர் எங்கள் தெருவில் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. ஆகவே, விண்ணப்பப் பருவத்தில் மாலைதோறும் யாரேனும் ஒருவர் விளக்கக் கையேட்டுடன் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒரு பெண், நகரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பயின்று, முதல் இரண்டு பருவங்களிலும் சில தாள்களில் தவறி, பின்னர் வகுப்புக்குச் செல்வதையே நிறுத்திவிட்டவள். செவிலியர் படிப்பில் சேர விரும்பினாள். “மாமா, இந்த மார்க் பட்டியலையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா? இதைப் பார்த்துவிட்டால் என்னை எடுத்துக்கொள்வார்களா?” என்று கேட்டாள். உடன் வந்த பாட்டியோ, “படிப்பு ஏறாத பிள்ளைக்குச் சீக்காளியைத் துடைத்துவிடுகிற வேலை போதும், தம்பி; அதற்கு என்ன பெரிய படிப்பு?” என்றார். பேத்தியின் கேள்வி அச்சத்தில் பிறந்தது. பாட்டியின் சொல் பழைய எண்ணத்தில் பிறந்தது. இரண்டிற்கும் விடை கூற வேண்டியிருந்தது.

பேத்தியின் கேள்விக்கு விதியே விடை கூறுகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில், ஒருவர் முன்னர்ப் பயின்ற கல்லூரிகளில் பெற்ற மதிப்பெண்களையெல்லாம் கூட்டிச் சராசரி காணும் வழக்கம் பல செவிலியர் கல்லூரிகளில் உண்டு. பதினெட்டு வயதில் ஏற்பட்ட சறுக்கல் முப்பது வயது விண்ணப்பத்திலும் நிழல்போல் தொடரும். நம் நாட்டு முறை வேறு. செவிலியர் பட்டப் படிப்பாகிய பி.எஸ்ஸி. நர்சிங்கிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் பெற்ற மதிப்பெண்களும், ஆங்கிலத்தில் தேர்ச்சியுமே அடிப்படை. அகில இந்திய நெறிப்படி அவ்வறிவியல் பாடங்களில் 45 விழுக்காடு வேண்டும். மாநிலமோ பல்கலைக்கழகமோ இதற்கு மேலும் கேட்கலாம். சில இடங்களில் நுழைவுத் தேர்வும் உண்டு. இடையில் விட்டுவிட்ட பட்டப் படிப்பின் மதிப்பெண்ணுக்கு இக்கணக்கில் இடமே இல்லை.

ஆயினும் அதை மறைக்கலாகாது, மறைக்கவும் இயலாது. கடைசியாகப் பயின்ற கல்லூரியின் மாற்றுச் சான்றிதழைச் சேர்க்கையின்போது கேட்பார்கள். இடையில் நின்றவரிடம் எஞ்சிய பருவங்களின் கட்டணத்தையும் கேட்ட பின்னரே அச்சான்றிதழைக் கொடுக்கும் தனியார் நிறுவனங்களும் உள்ளன. ஆகையால், கல்லூரியை விட்டு விலகுவோர் சொல்லாமல் நின்றுவிடாது, முறையாக எழுதிக் கொடுத்து விலகுவதே அறிவுடைமை.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே மதிப்பெண் குறைந்தவர் நிலை என்ன? அவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பொதுச் செவிலியம், மகப்பேற்றுச் செவிலியம் என்னும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு ஒன்று உண்டு. அதற்கு எப்பிரிவில் பயின்றவரும் ஆங்கிலத்துடன் 40 விழுக்காடு பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது அகில இந்திய நெறி. வரலாறும் பொருளியலும் பயின்ற மாணவனும் மாணவியும் இதில் புகலாம். துணைச் செவிலியர் படிப்பு அதனினும் தாழ்வான வாயில்; இரண்டு ஆண்டுகள். கேரளத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் தவறியோர் அவ்வாண்டிலேயே எழுதும் மறுதேர்வும், திறந்தநிலைப் பள்ளியின் தேர்வும் உள்ளன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

முற்காலத்தில் இப்பகுதியில் கல்லூரிக் கல்வி ‘பிரீடிகிரி’ என்னும் ஈராண்டு வகுப்பில் தொடங்கிற்று. பதினைந்து, பதினாறு வயதில் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் பலர் அங்கேதான் தடுக்கி விழுந்தனர். 2001-ஆம் ஆண்டளவில் அவ்வகுப்பு கல்லூரிகளினின்று முற்றிலும் பிரிக்கப்பட்டு, மேனிலைப் பள்ளிகளின் பொறுப்பாயிற்று. வகுப்பு இடம் மாறிற்றே தவிர, தடுக்கி விழும் வயது மாறவில்லை.

விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் தலைமையிடமாக விளங்கிய ஊர். அம்மரபில் வந்த கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூர்ச் சாலையை ஒட்டி ஒரு கல்விச் சாலையை நிறுவினான். தொண்ணூற்றைந்து மாணவர்க்கு அங்கே இடம் அளித்தான். யார் யார் சேரலாம், அவர்களுக்கு எவ்வெக் கல்வித் தகுதி வேண்டும் என்பதையும் செப்பேட்டில் பொறித்து வைத்தான். சேர்க்கை விதி இம்மண்ணுக்குப் புதிதன்று.

இனிப் பாட்டியின் சொல்லுக்கு வருவோம். ‘செவிலி’ என்பது சங்கச் செய்யுட்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கும். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அச்சொல்லே இன்று தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பணிக்கு வழங்குகிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘தாதி’ என்பது வழக்கு. இரண்டும் அன்பைக் குறிக்கும் சொற்கள், அறிவைக் குறிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சிறு மனக்குறை உண்டு. அன்பு மட்டும் இருந்தால் போதும் என்ற எண்ணத்திற்குச் சொல்லும் துணை நிற்கிறது அல்லவா?

அன்பு போதாது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். எடை கிலோவிற்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால் கொடுக்குமாறு மருத்துவர் எழுதியிருக்கிறார். மொத்தம் 180 மில்லிகிராம். மருந்துப் பாகு இரு வலிமைகளில் விற்கப்படுகிறது: 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் கொண்டது ஒன்று, 250 மில்லிகிராம் கொண்டது மற்றொன்று. முதற்புட்டியாயின் 7.2 மில்லிலிட்டர் அளக்க வேண்டும், இரண்டாவதாயின் 3.6. புட்டியின் சீட்டைப் படியாமல் பழக்கத்தால் 7.2 அளந்துவிட்டால், குழந்தைக்குச் செல்வது இரட்டிப்பு மருந்து. நாளத்தின் வழியே 500 மில்லிலிட்டர் நீர்மத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி என்றால், 240 நிமிடத்தில் 10,000 துளி. நிமிடத்திற்கு ஏறத்தாழ 42. இதை நள்ளிரவில், இருபது நோயாளிகளுக்கிடையே, ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போதே கணக்கிட வேண்டும்.

கல்லூரியில் தாளில் பிழை செய்தால் மதிப்பெண் குறையும். இங்கே பிழை செய்தால் குறைவது வேறு. ஆகவே, வேதியியல் கடினம் என்று அஞ்சி வந்தவர்க்குச் செவிலியம் புகலிடம் ஆகாது; விட்டு வந்த பாடமே வேறு உருவில் எதிர்நிற்கும். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதும் இதுவே: “வேதியியலை ஏன் விட்டாய், அம்மா?” பாடம் புரியாமல் அன்று, வீட்டில் நோயுற்றிருந்தவரைப் பார்த்துக்கொள்வதற்காக வகுப்புகளை இழந்து, பின்னர் ஈடுகட்ட இயலாது போயிற்று என்றாள். புரியாமையும் இழந்த நாட்களும் வேறு வேறு நோய்கள். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத் தோன்றுகின்றன. மீண்டும் தொடங்க விரும்புவோர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

பாதை மாறித் தொடங்கியவர்களுக்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. 1886-இல் பிறந்த மேரி புன்னன் லூக்கோஸ், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில விரும்பினார். பெண் என்ற காரணத்தால் அவருக்கு அப்பிரிவில் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று 1909-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டதாரியான பின்னர், இலண்டன் சென்று மருத்துவத்தை முதலிலிருந்து தொடங்கினார். 1916-இல் திரும்பித் தைக்காடு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஊர் மருத்துவச்சிகள் மருத்துவமனைப் பிரசவத்தைப் பகையாக நோக்கிய காலம் அது. அவர் அவர்களைப் பழிக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே அழைத்து மகப்பேற்றுப் பயிற்சி அளித்தார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 1975-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கடல் கடந்தும் ஒருவரைக் கூறலாம். சிசிலி சாண்டர்ஸ் 1938-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவமும் அரசியலும் பொருளியலும் கற்கப் புகுந்தார். போர் மூண்டது. படிப்பை இடையில் விட்டு, 1940-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் செவிலியர் மாணவியானார். முதுகு வலி அப்பணியைத் தொடர விடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பின்னர் மருத்துவ மாணவியானார். 1957-இல், நாற்பதை நெருங்கும் வயதில், மருத்துவரானார். அவர் 1967-இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லமே தீரா நோயுற்றோரின் வலி தணிக்கும் இக்கால மருத்துவத்திற்கு முன்னோடி.

இவ்விருவரும் மந்த மாணவியர் அல்லர் என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் மேதைகளின் கதையைச் சொல்லித் தேற்றுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. முதற்படிப்புக்கும் இறுதியில் ஆற்றிய பணிக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கலாம் என்பதற்காகவே அவர்களைக் குறிப்பிட்டேன்.

அவ்வலி தணிப்புப் பணி கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் வேரூன்றிற்று. 2008-இல் அதற்கென மாநில அரசு ஒரு கொள்கையையே வகுத்தது. இன்று ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடிச் சென்று, படுக்கையில் கிடப்போரின் புண்ணைத் தூய்மை செய்து, சிறுநீர்க் குழாயை மாற்றி, வலியின் அளவைக் குறித்து வருகின்றனர். இவர்களுள் துணைச் செவிலியர் படிப்பின் மேல் தனிப்பயிற்சி பெற்றவர்கள் பலர். தாழ்ந்த வாயிலில் புகுந்தவர் ஆற்றும் பணி தாழ்ந்ததன்று.

வாயில் தாழ்ந்திருப்பினும் மேலே ஏறப் படிகள் உண்டு. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றுப் பதிவு செய்தவர், இரண்டாண்டு மேற்படிப்பால் பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம், அதன்பின் எம்.எஸ்ஸி. உண்டு. வேலூரில் செவிலியர் பள்ளி 1909-இல் தோன்றிற்று. அங்கும் டில்லியிலும் பட்டப் படிப்பு 1946-இல் தொடங்கிற்று. மறு ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2023-இல் புதிய ஆணையச் சட்டம் நிறைவேறியுள்ளது.

மன்றம் வகுத்த விதிகளுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. வகுப்பறைப் பாடத்திற்கு நூற்றுக்கு 80 வருகை இருந்தால் தேர்வெழுதலாம். ஆனால் நோயாளிகளிடையே பெறும் பயிற்சியோ, பட்டம் பெறுமுன் நூற்றுக்கு நூறும் நிறைந்திருக்க வேண்டும். தவறவிட்ட இரவுப் பணியை மற்றோர் இரவில் செய்தே தீர வேண்டும். வகுப்புகளை இழந்து வழி தவறிய மாணவர்க்கு, இழந்ததை ஈடுசெய்யக் கட்டாயமாகவே வாய்ப்பளிக்கும் இத்தகைய விதி வேறு கல்லூரிகளில் இருந்திருந்தால் எத்தனை நலமாயிருக்கும்!

இனி ஒரு நடைமுறைச் செய்தி. உள்ளூரில் இடம் கிடையாதவர்கள் தரகர் சொற்கேட்டு அயல்மாநிலங்களுக்குச் செல்கின்றனர். வங்கிக் கடன் வாங்கி, வீட்டுப் பத்திரத்தையும் ஈடு வைத்துக் கட்டணம் செலுத்துகின்றனர். இரண்டாம் முறை தொடங்குபவர் முதல் முறையின் செலவையும் சுமந்தே தொடங்குகிறார். மூன்றாம் முறைக்கு வீட்டில் பணம் இராது. ஆகவே, பணம் கட்டுமுன் அக்கல்லூரி அம்மாநிலச் செவிலியர் மன்றத்தின் ஒப்புதல் பெற்றதா, அவ்வாண்டு எத்தனை இடங்களுக்கு ஒப்புதல், பயிற்சிக்குரிய மருத்துவமனை எது, அங்கே நோயாளிகள் உண்மையில் வருகின்றனரா என்று நேரில் கேட்டறிய வேண்டும். மன்றத்தில் பதிவு பெற்றாலன்றிச் செவிலியராகப் பணியாற்ற இயலாது. உயர்ந்த வயது வரம்பும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். அதனையும் கையேட்டில் பார்த்துக்கொள்க. அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால், அவற்றுக்கு உரிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற்ற பின்னரே அலுவலகத்தைவிட்டு வெளிவருதல் வேண்டும்.